பிரிட்டிஷ் கவுன்சிலின் 'டீச்சிங் இங்கிலீஷ்' தளம்: ஓர் ஆங்கில ஆசிரியரின் மதிப்பீடு

ஆங்கிலப் பாடத்துக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் லெசன் பிளான்களுக்கு, அதாவது ஒரு வகுப்பை எப்படி நடத்துவது என்ற ஆயத்தத் திட்டங்களுக்கு, பஞ்சமில்லை. ஆனால் நாற்பது, ஐம்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பறையில் தாக்குப்பிடிப்பவை மிகச் சில. அந்தச் சிலவற்றைத் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் பிரிட்டிஷ் கவுன்சில் நடத்தும் 'டீச்சிங் இங்கிலீஷ்' இணையதளம் என்பது என் கருத்து. அரசுப் பள்ளியில் உயர்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியர் என்ற முறையில், சில கல்வியாண்டுகளாக அந்தத் தளத்தைப் பயன்படுத்தி வந்த அனுபவத்தைக் கொண்டு இதை எழுதுகிறேன். பாடத்தைத் திட்டமிடுவது எப்படி என்று ஓர் ஆசிரியர் கற்றுக்கொள்வதற்கு இதைவிடச் சிறந்த இலவச வசதியை நான் பார்த்ததில்லை. அதே நேரத்தில், அச்செடுத்து அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றமே தரும். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன். குறைந்த அந்த ஒன்று எங்கே போயிற்று என்பதையும் கீழே சொல்கிறேன்.

பிரிட்டனின் கல்வி, பண்பாட்டு அமைப்பான பிரிட்டிஷ் கவுன்சில் 1934-இல் தொடங்கப்பட்டது. இந்தியாவில் 1948 முதல் இயங்கி வருகிறது. சென்னைக்காரர்களுக்கு அது அண்ணா சாலையில் இருக்கும் நூலகமாகவும், கட்டணம் செலுத்திச் சேரும் ஆங்கில வகுப்பாகவும் அறிமுகமானது. மாணவர்கள் தாமாகவே படிப்பதற்கு 'லேர்ன் இங்கிலீஷ்' என்ற பெயரில் சிறுவர்களுக்கும் பதின்பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும் தனித்தனித் தளங்களை வைத்திருக்கும் அந்த அமைப்பு, ஆசிரியர்களுக்கென்று வைத்திருப்பதுதான் 'டீச்சிங் இங்கிலீஷ்'. தொடக்கப் பள்ளி, மேல்நிலைப் பள்ளி, வயதுவந்தோர் என்று பிரித்து வைக்கப்பட்ட லெசன் பிளான்கள், கற்பித்தல் உத்திகளை விளக்கும் கட்டுரைகள், ஆசிரியர்கள் தாமே படித்து முடிக்கும் பயிற்சித் தொகுதிகள், இணையவழிக் கருத்தரங்குகள், ஆய்வு வெளியீடுகள் என அதில் உள்ளவை ஏராளம். இந்த மதிப்பீட்டில் பெரும்பாலும் லெசன் பிளான்களைப் பற்றியே பேசுகிறேன்.

ஒரு லெசன் பிளானைத் திறந்தால் முதலில் தலைப்பு, நோக்கம், மாணவர் வயது, மொழித்திறன் நிலை, ஆகும் நேரம், தேவைப்படும் பொருள்கள் ஆகியவை வரிசையாகத் தரப்பட்டிருக்கும். அதன்பின் பாடம் எந்தப் படியில் தொடங்கி எந்தப் படியில் முடிகிறது என்பது படிப்படியாக விளக்கப்பட்டிருக்கும்; மாணவர் கையில் கொடுக்க வேண்டிய தாள் பி.டி.எஃப். கோப்பாக இணைக்கப்பட்டிருக்கும். திறன் நிலைக்கு ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட சி.இ.எஃப்.ஆர். அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். தொடக்க நிலையான ஏ1 முதல் மிக உயர்ந்த நிலையான சி2 வரை ஆறு நிலைகள் கொண்ட அந்த அளவுகோல், ஒரு மாணவர் எந்த வகுப்பில் படிக்கிறார் என்பதைப் பொருட்படுத்துவதில்லை. அவரால் அந்த மொழியைக் கொண்டு என்ன செய்ய முடிகிறது என்பதை மட்டுமே பார்க்கிறது. வகுப்பு வாரியாகவே சிந்தித்துப் பழகிய நமக்கு இது சற்றுப் புதிதாக இருக்கும். ஆனால் பழகிய பிறகு, ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நிலையில் இல்லை என்ற, நாம் எப்போதும் அறிந்திருந்தும் ஏட்டில் எழுதாத உண்மையை எழுதி வைக்க ஒரு வழி கிடைக்கிறது.

நம் பள்ளிகளில் ஆசிரியர் எழுதும் பாடக்குறிப்பான நோட்ஸ் ஆஃப் லெசனோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. அறிமுகம், படித்தல், மனவரைபடம், தொகுத்து வழங்குதல், வலுவூட்டுதல், மதிப்பீடு, குறைதீர் கற்பித்தல், எழுதுதல், தொடர்பணி என்ற பெட்டிகளை நிரப்பித் தலைமையாசிரியரிடம் கையொப்பம் பெறும் வழக்கத்தில் ஊறியவர்கள் நாம். அந்தப் பெட்டிகளில் குறையொன்றும் இல்லை. உண்மையில் அவை மிகுந்த யோசனையோடு வகுக்கப்பட்டவை. ஆனால் உரைநடைக்கும் கவிதைக்கும் துணைப்பாடத்துக்கும் அதே பெட்டிகள்தான். 'படித்தல்' என்ற பெட்டியில் 'ஆசிரியர் படிக்க, மாணவர் பின்தொடர்ந்து படிப்பர்' என்று எழுதிவிட்டால் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. மாணவர் எதைத் தேடிப் படிக்கிறார், எத்தனை நிமிடம் படிக்கிறார், படித்ததை வைத்துக்கொண்டு யாரிடம் என்ன பேசுகிறார் என்பவை அந்த ஏட்டில் இடம்பெறுவதில்லை. 'டீச்சிங் இங்கிலீஷ்' பிளான்களின் பலம் அங்கேதான் இருக்கிறது. ஒரு பத்தியைப் படிக்கக் கொடுப்பதற்கு முன்பாகவே அதில் எதைத் தேட வேண்டும் என்று ஒரு கேள்வி தரப்படுகிறது. முதல் வாசிப்பு ஒட்டுமொத்தப் பொருளுக்கு, இரண்டாம் வாசிப்பு விவரங்களுக்கு, அதன்பின் படித்ததற்கு அப்பால் சென்று சிந்திக்க ஒரு பணி என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. எந்தப் படியில் மாணவர் தனியாக வேலை செய்கிறார், எந்தப் படியில் இருவராக, எந்தப் படியில் குழுவாக என்பதும் தெளிவாக இருக்கிறது.

இந்த ஒழுங்கை நம் பாடநூலுக்கு மாற்றிக்கொள்வது கடினமில்லை. பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலின் முதல் உரைநடையில், உடன்பிறந்தவை எல்லாம் பறந்துவிட, பாறை விளிம்பில் தனித்து நிற்கும் கடற்பறவைக் குஞ்சு ஒன்று வருகிறது. வழக்கமாக நாம் அருஞ்சொற்பொருளில் தொடங்கி, வரிக்கு வரி தமிழில் விளக்கி, பாடப்பின் வினாக்களுக்கு விடை எழுதிப் போட்டு முடிப்போம். இந்தத் தளத்தின் வாசிப்புப் பிளான்களைப் பார்த்துப் பழகிய பிறகு நான் செய்யும் முறை வேறு. நூலைத் திறக்கும் முன் குஞ்சு நிற்கும் நிலையை மட்டும் கரும்பலகையில் இரண்டு வாக்கியங்களில் எழுதி, அது பறக்காததற்கு என்ன காரணம் இருக்கலாம் என்று இருவர் இருவராக ஊகித்து எழுதச் சொல்கிறேன். பிறகு முதல் இரண்டு பத்திகளை மௌனமாகப் படித்துத் தங்கள் ஊகம் சரியா என்று பார்க்கச் சொல்கிறேன். இறுதியில், பசித்த குஞ்சின் கண்ணெதிரே மீனைக் காட்டிக் காட்டி அதைப் பாறையிலிருந்து பாயவைத்த தாயின் செயல் சரியா என்று கேட்டால், வகுப்பு இரண்டாகப் பிரிகிறது. 'ஐ திங்க்', 'பிகாஸ்' என்ற இரண்டே சொற்களை வைத்துக்கொண்டு, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகள்கூடத் தம் கட்சியை எடுத்துச் சொல்லிவிடுகிறார்கள். அந்த லெசன் பிளான் எதுவும் நம் பாடநூலுக்காக எழுதப்பட்டதில்லை. கற்பித்தலின் வரிசையை மட்டுமே அங்கிருந்து எடுத்துக்கொண்டேன்.

எதிர்காலத் திறன்கள் என்ற பேச்சு இப்போது எல்லாப் பயிற்சி வகுப்புகளிலும் ஒலிக்கிறது. உலகப் பொருளாதார மன்றம் 2025 ஜனவரியில் வெளியிட்ட வேலைவாய்ப்பு எதிர்கால அறிக்கையில், பணியாளர்களிடம் நிறுவனங்கள் எதிர்பார்க்கும் அடிப்படைத் திறன்களில் பகுத்தாய்ந்து சிந்திக்கும் திறன் முதலிடத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் கவுன்சில் தன் பள்ளித் திட்டங்களுக்காக ஆறு திறன்களை வகுத்து வைத்திருக்கிறது: ஆராய்ந்து சிந்தித்துச் சிக்கல் தீர்த்தல், கூடிச் செயல்படுதலும் கருத்துப் பரிமாற்றமும், படைப்பாற்றலும் கற்பனையும், குடிமைப் பண்பு, டிஜிட்டல் அறிவு, தலைமைப் பண்பும் தன்வளர்ச்சியும். ஆசிரியரின் தொழில் வளர்ச்சிக்கென அது வகுத்துள்ள 12 பயிற்சிக் கூறுகளிலும், பாடத்தைத் திட்டமிடுதல் ஒன்றாகவும், இருபத்தோராம் நூற்றாண்டுத் திறன்களை வளர்த்தல் இன்னொன்றாகவும் வருகின்றன. காகிதத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. லெசன் பிளானுக்குள் இவை எப்படி இறங்குகின்றன என்பதில்தான் தரம் ஏறி இறங்குகிறது.

சில பிளான்களில் அந்தத் திறன் பணியிலேயே பின்னப்பட்டிருக்கிறது. ஒரு மாணவரிடம் பாதித் தகவலும் மற்றவரிடம் மீதித் தகவலும் இருக்க, இருவரும் ஆங்கிலத்தில் கேட்டுச் சொன்னால் மட்டுமே வேலை முடியும் என்று அமைந்த பணிகள் அத்தகையவை. வேறு சிலவற்றிலோ ஒரு பத்தியைப் படித்தபின் 'உங்கள் கருத்தை அருகில் இருப்பவரோடு பகிருங்கள்' என்று ஒரு வரி மட்டும் வருகிறது. அதைக் கூடிச் செயல்படுதல் என்று என்னால் ஏற்க முடியவில்லை. எந்தப் பிளானை எடுத்தாலும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பக்கத்தில் இருப்பவர் சொல்வதைக் காதில் வாங்காமலேயே ஒரு மாணவர் இந்தப் பணியை முடித்துவிட முடியுமா? முடியும் என்றால் அந்தப் பணியை மாற்றி எழுதுகிறேன், அல்லது விட்டுவிடுகிறேன்.

நமக்கு நேராகப் பயன்படும் ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ரோடு மேப் கொடுத்து, வழி தெரியாத ஒருவருக்கு வழி சொல்லுமாறு கேட்கும் 2 மதிப்பெண் வினா உண்டு. 'கோ ஸ்ட்ரெய்ட், டேக் லெஃப்ட்' என்று நான்கு வரிகளை மனப்பாடம் செய்ய வைத்து அந்த இரண்டு மதிப்பெண்ணையும் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். அதே வினாவைத் தகவல் இடைவெளிப் பணியாக மாற்றினேன். ஒரே தெருப் படத்தை இரண்டு விதமாக வரைந்து, ஒன்றில் அஞ்சலகமும் ரேஷன் கடையும், மற்றொன்றில் பேருந்து நிலையமும் நூலகமும் விடுபட்டிருக்குமாறு செய்தால், இருவரும் தம் தாளை மறைத்துக்கொண்டு கேள்வி கேட்டே ஆக வேண்டும். பாதியில் ஒரு மாணவி, தன் தோழி சொன்ன வழியில் விரலை நகர்த்திக்கொண்டே போய்க் குளத்துக்குள் இறங்கிவிட்டாள். 'நோ, நோ, பிஃபோர் தி டெம்பிள்!' என்று தோழி பதறித் திருத்தினாள். நூலில் இருக்கும் முன்னிடைச்சொல் பயிற்சி எதுவும் அந்த 'பிஃபோர்' அளவுக்கு யார் மனத்திலும் பதிந்ததில்லை. தேர்வில் அந்த வினாவுக்கான விடையும் கெட்டுவிடவில்லை. படத்தைச் சற்று மாற்றிக் கொடுத்தாலும் தடுமாறாமல் எழுதினார்கள்.

தளத்தில் உத்திகளை விளக்கும் கட்டுரைகள் லெசன் பிளான்களைவிட நம் பள்ளிகளுக்கு அதிகம் பொருந்துகின்றன என்றுகூடச் சொல்வேன், ஏனெனில் அவற்றில் பலவற்றுக்குச் சாக்பீஸைத் தவிர வேறு பொருள் தேவையில்லை. அவற்றுள் டிக்டோகிளாஸ் என்ற முறையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஐந்தாறு வாக்கியங்கள் கொண்ட சிறு பத்தியை ஆசிரியர் இயல்பான வேகத்தில் படிக்கிறார். மாணவர் முதல் முறை வெறுமனே கேட்கிறார்கள், இரண்டாம் முறை முக்கியச் சொற்களை மட்டும் குறித்துக்கொள்கிறார்கள், பிறகு நான்கைந்து பேராகக் கூடி அந்தப் பத்தியை மீண்டும் எழுதிப் பார்க்கிறார்கள். சொல்லுக்குச் சொல் எழுதும் நம் டிக்டேஷனில் கை மட்டும் வேலை செய்தால் போதும். இதிலோ இலக்கணத்தை நினைத்துப் பார்க்காமல் ஒரு வாக்கியத்தைக்கூட நிறுத்த முடியாது. ஒன்பதாம் வகுப்பில் பேருந்தைத் தவறவிட்ட இரண்டு நண்பர்களைப் பற்றி நானே ஒரு பத்தி எழுதிப் படித்தேன். 'தி பஸ் ஹேட் ஆல்ரெடி லெஃப்ட்' என்ற வாக்கியத்தில் ஒரு குழு சிக்கிக்கொண்டது. "ஹேட்னு ஒண்ணு வந்துச்சுடா, எனக்குக் கேட்டுச்சு" என்றான் ஒருவன். "அது எதுக்குடா அங்க?" என்று மற்றவன் கேட்க, மூன்றாமவன் சற்று யோசித்துவிட்டு, "பஸ் முதல்லயே போயிடுச்சு, இவங்க அப்புறம்தானே வந்தாங்க? அதுக்குத்தான் அந்த ஹேட்" என்று முடித்து வைத்தான். பாஸ்ட் பெர்ஃபெக்ட் என்ற பெயரைக் கரும்பலகையில் எழுதியது மட்டுமே என் வேலையாக மிஞ்சியது.

அந்த உரையாடல் தமிழில் நடந்ததைக் கவனித்திருப்பீர்கள். ஆங்கில வகுப்பில் தாய்மொழி வாயில் வந்தாலே அபராதம் என்ற தனியார் பள்ளி மரபில் வளர்ந்தவர்களுக்கு இது உறுத்தலாம். ஆனால் பன்மொழி அணுகுமுறைகளைப் பயன்படுத்துதல் என்பது பிரிட்டிஷ் கவுன்சிலின் அந்த 12 கூறுகளில் ஒன்றாகவே இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் பன்மொழித் திறனை வகுப்பறையின் வளமாகவே பார்த்தது. ஆங்கிலத்தின் தாயகத்து அமைப்பே தாய்மொழியை வகுப்பறையிலிருந்து விரட்டச் சொல்லாதபோது, நம்மூரில் சிலர் மட்டும் அதற்காகப் பிரம்பெடுப்பது வேடிக்கைதான்.

இதே திசையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சி.இ.எஃப்.ஆர். அளவுகோலுக்குப் பின்னர் வெளியான துணைத் தொகுதியில், ஒரு மொழியில் உள்ளதை இன்னொருவருக்குப் புரியுமாறு எடுத்துச் சொல்லும் இடையாளர் திறனுக்கு விரிவான இடம் கொடுக்கப்பட்டுள்ளது. வங்கியிலிருந்து கைப்பேசிக்கு வரும் ஆங்கிலக் குறுஞ்செய்தியை அம்மாவுக்குத் தமிழில் சொல்வதும், மருந்துச் சீட்டைப் பாட்டிக்குப் படித்துக் காட்டுவதும், நம் மாணவர்கள் வீட்டில் நாள்தோறும் செய்யும் வேலைகள். ஆங்கிலம் படித்த முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு இதைவிட உடனடியான எதிர்காலத் திறன் வேறில்லை. ஆனால் உலகம் முழுவதற்கும் பொதுவாக எழுதப்படும் லெசன் பிளான்களில் குறிப்பிட்ட ஒரு தாய்மொழியைக் கொண்டு பணி அமைக்க இயலாது. எனவே இந்த இடத்தைத் தளம் நிரப்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம். குறுஞ்செய்தியைக் கொண்டுவந்து வகுப்பில் வைப்பது நம் பொறுப்பு.

இனி குறைகளுக்கு வருகிறேன். முதலாவது நேரம். ஒரு மணி நேரத்துக்கோ அதற்கு மேலோ திட்டமிடப்பட்ட பிளான்கள் பல. நம் பாடவேளை 40 அல்லது 45 நிமிடங்கள். அதில் வருகைப் பதிவும், நோட்டுத் திருத்தமும், இடையில் வரும் சுற்றறிக்கையும் போனால் அரை மணி நேரம் கையில் நின்றாலே பெரிது. ஒரு பிளானை இரண்டு பாடவேளைகளாகப் பிரிக்க வேண்டியிருக்கும்போது, எங்கே வெட்டுவது என்பது எளிதான முடிவன்று. உரையாடலுக்கு முன்னால் வெட்டினால் மறுநாள் சூடு ஆறிப்போய்விடுகிறது. வாசிப்புக்குமுன் வரும் தயாரிப்புப் பகுதியைச் சுருக்கிவிட்டு, வாசிப்பையும் பேச்சையும் ஒரே நாளில் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

இரண்டாவது, வகுப்பின் அளவும் இடமும். எழுந்து நடந்து பலரிடம் கேள்வி கேட்டுத் தகவல் திரட்டும் பணிகள், சுவரில் ஒட்டிய பத்தியை ஓடிப்போய்ப் படித்துவிட்டு வந்து தோழருக்குச் சொல்லும் ஓட்ட டிக்டேஷன் போன்றவை, பெஞ்சுகளுக்கு நடுவே ஒருவர் பக்கவாட்டில்தான் நடக்க முடியும் என்ற நிலையில் இருக்கும் வகுப்பறைக்கு உரியவை அல்ல. நான் ஓட்ட டிக்டேஷனை வராந்தாவுக்குக் கொண்டுபோனேன். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பக்கத்து வகுப்புக் கணித ஆசிரியருக்குத் தலைவலி. இப்போது ஓடுவதை நிறுத்திவிட்டு, வரிசைக்கு ஒருவர் மட்டும் மேசைக்கு வந்து படித்துப் போகுமாறு மாற்றியிருக்கிறேன். வசதி குறைந்த வகுப்பறைகளில் கற்பிப்பது குறித்தும் தளத்தில் தனியாகக் காணொளிகளும் வெளியீடுகளும் இருக்கின்றன என்பதை இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அந்த அறிவுரைகள் ஒரு பக்கமும் லெசன் பிளான்கள் இன்னொரு பக்கமுமாகக் கிடக்கின்றன. ஒவ்வொரு பிளானின் அடியிலும் பெரிய வகுப்பில் இதை எப்படிச் செய்வது என்று இரண்டு வரிகள் சேர்த்திருந்தால் குறைத்த அந்த ஒரு மதிப்பெண்ணில் பாதியைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

மூன்றாவது, நகல் செலவு. மாணவருக்கு ஒரு தாள் என்றால் வகுப்புக்கு ஐம்பது ஜெராக்ஸ். அதுவும் ஆசிரியரின் சொந்தப் பணத்தில். நான்கு பேருக்கு ஒரு தாள் என்று வைத்துக்கொள்வது செலவைக் குறைப்பது மட்டுமன்றி, பிள்ளைகள் தலையோடு தலை சேர்த்துப் பேச வேண்டிய கட்டாயத்தையும் உண்டாக்குகிறது. வெட்டி ஒட்ட வேண்டிய அட்டைகளுக்குப் பழைய மாத நாள்காட்டியின் பின்பக்கம் போதும். ஹைடெக் லேப் உள்ள பள்ளிகளில் தாளைத் திரையிலேயே காட்டிவிடலாம், அன்று லேப் வேறு யாருக்கும் ஒதுக்கப்படாமலிருந்தால்.

உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை, பிரிட்டனின் பண்டிகைகள், அங்குள்ள உணவு, அங்குள்ள பழக்கவழக்கங்கள் ஆகியவற்றை மையமாகக் கொண்ட பிளான்கள் கணிசமாக உள்ளன. ஓர் அயல் பண்பாட்டை அறிவதில் தீங்கொன்றும் இல்லை. ஆயினும் ஒரு பாடவேளையின் முதல் பத்து நிமிடங்கள் பனிக்கால விழா ஒன்றை விளக்குவதிலேயே கரைந்தால் ஆங்கிலத்துக்கு மிஞ்சுவது சொற்பம். சுற்றுச்சூழல், உணவு வீணாதல், சமூக ஊடகம், நட்பு, பொய்ச் செய்தி போன்ற பொதுத் தலைப்புகளே நமக்கு நன்றாகப் பொருந்துகின்றன. வாட்ஸ்அப்பில் வரும் வதந்தியைச் சோதித்துப் பார்ப்பது பற்றிப் பேசச் சொன்னால், எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வீட்டுக்கு ஒரு கதை இருக்கிறது.

மொழி நிலையிலும் கவனம் தேவை. மேல்நிலைப் பள்ளி மாணவருக்கெனக் குறிக்கப்பட்ட பிளான்களில் பி1 நிலையில் உள்ளவை நிறைய. நம் பத்தாம் வகுப்பில் அந்த நிலையை எட்டியவர்கள் சிலர் இருப்பார்கள். பெரும்பாலோர் ஏ2 அளவிலும், சிலர் அதற்கும் கீழாகவும் இருப்பார்கள். வயதுக்குரிய தலைப்பு வேண்டும், ஆனால் எளிய ஆங்கிலம் வேண்டும் என்ற இந்த முடிச்சை அவிழ்க்க, செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இப்போது கைகொடுக்கின்றன. பி1 பத்தியைக் கொடுத்து, ஏ2 நிலைக்கு எளிமைப்படுத்தித் தரச் சொன்னால் ஓரளவு நன்றாகவே செய்கின்றன. வந்ததை ஒருமுறை படித்துச் சரிபார்த்துக்கொண்டால் போதும். முழு லெசன் பிளானையே அந்தச் செயலியிடம் கேட்டு வாங்கும் பழக்கம் நம் ஆசிரியர்களிடையே வேகமாகப் பரவி வருகிறது. நானும் வாங்கிப் பார்த்தேன். தலைப்புகள், நேரம், மதிப்பீடு எல்லாம் பார்வைக்குக் கச்சிதமாக இருந்தன. ஆனால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையில் எந்தத் தொடர்பும் இல்லை, எந்த இரண்டையும் இடம் மாற்றினாலும் பாடம் அப்படியேதான் இருந்தது. நல்ல பிளான் எது என்று தெரிந்தவருக்கு அந்தச் செயலி உதவியாளர். தெரியாதவருக்கு அது மற்றுமொரு நோட்ஸ் ஆஃப் லெசன் பெட்டி. செயற்கை நுண்ணறிவும் ஆங்கிலக் கற்பித்தலும் குறித்து பிரிட்டிஷ் கவுன்சில் 2023-இல் வெளியிட்ட அறிக்கையும் இலவசமாகவே கிடைக்கிறது, ஆர்வமுள்ளவர்கள் படிக்கலாம்.

தேர்வைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வு 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வு. மனப்பாடப் பாடலுக்கு 5 மதிப்பெண் உண்டு. ஒரு நிமிடம் தெளிவாகப் பேசுவதற்கு மதிப்பெண்ணே இல்லை. இந்த நிலையில் பேச்சுக்கும் கலந்துரையாடலுக்கும் இடம் கொடுக்கும் லெசன் பிளானை எடுத்துச் சென்றால், 'போர்ஷன் முடிந்ததா?' என்ற கேள்வி பின்னாலேயே வரும். இது தளத்தின் குறையன்று. ஆனால் வாங்குகிறவர் தம் வீட்டுக் கதவின் அகலத்தை அளந்துவிட்டுத்தானே பீரோ வாங்க வேண்டும்? எனவே வினாத்தாளில் ஏற்கெனவே இருக்கும் வினாக்களோடு பொருந்துகிற பணிகளை முதலில் தேர்ந்தெடுப்பதே நடைமுறைக்கு ஏற்றது. ரோடு மேப் அப்படிப்பட்ட ஒன்று. படத்தைப் பார்த்துக் கருத்து எழுதும் வினா, விளம்பரம் தயாரிக்கும் வினா, பிழை திருத்தும் வினா ஆகியவற்றுக்கும் பேசிச் செய்யும் பணிகளை அமைக்க முடியும். குறிப்பாகப் பிழை திருத்தத்துக்கு, சரியும் தவறுமாகக் கலந்த பத்து வாக்கியங்களைக் குழுக்களுக்கு ஏலம் விடும் விளையாட்டு ஒன்றுண்டு. சரியான வாக்கியம் என்று நம்புகிறதைக் கற்பனைப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். தவறான வாக்கியத்துக்குப் பெருந்தொகை கொடுத்து ஏமாந்த குழு அந்தப் பிழையை எளிதில் மறப்பதில்லை.

தளத்தில் தேடுவதிலும் சிறிது பொறுமை வேண்டும். உள்ளடக்கம் மிகுதி என்பதால், பொதுவான சொல்லைப் போட்டுத் தேடினால் பிளான், கட்டுரை, கருத்தரங்கு அறிவிப்பு என எல்லாம் கலந்து வந்து நிற்கின்றன. வயதுப் பிரிவையும் திறன் நிலையையும் முதலில் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு தலைப்புக்குப் போவது நல்லது. கைப்பேசியில் படிக்கலாம், ஆனால் பிளானையும் மாணவர் தாளையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்கப் பெரிய திரைதான் வசதி. விளக்கங்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழ் வழியில் படித்துத் தொடக்கப் பள்ளியில் எல்லாப் பாடங்களையும் எடுக்கும் ஆசிரியர்களுக்கு முதலில் சற்றுக் கனமாகத் தெரியக்கூடும்.

மற்ற வசதிகளோடு ஒப்பிட்டால், 2018 முதல் நம் பாடநூல்களில் இடம்பெற்ற கியூ.ஆர். குறியீடுகளும் அவை கொண்டுபோய்ச் சேர்க்கும், இந்திய அரசின் இணையவழிப் பாடப்பொருள் களஞ்சியமான திக்‌ஷா தளமும் பாடநூலோடு நேரடியாக இணைந்தவை என்பதால், பாடப்பொருளை விளக்கும் காணொளிக்கு அவையே முதல் தேர்வு. ஆனால் காணொளி பார்ப்பதும் மாணவர் பேசுவதும் ஒன்றல்ல. டெலிகிராம் குழுக்களில் சுற்றும் ஆயத்த நோட்ஸ் ஆஃப் லெசன்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏட்டை நிரப்புவதற்கு உதவும், வகுப்பை நடத்துவதற்கு உதவாது.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எடுப்பவர்களுக்கு, தமிழ்நாடு அரசின் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டமான எண்ணும் எழுத்தும் திட்டத்தின் ஆசிரியர் கையேடு செயல்பாடுகளை ஏற்கெனவே வரிசைப்படுத்தித் தந்துவிடுவதால், இந்தத் தளத்திலிருந்து பாடல், கதை, விளையாட்டு ஆகியவற்றை மட்டும் ஊறுகாய் போலத் தொட்டுக்கொண்டால் போதும். ஆறு முதல் ஒன்பது வரை எடுப்பவர்களுக்கே இது முழுப் பயன் தரும். பொதுத்தேர்வின் நெருக்கடி இல்லாத அந்த நான்கு ஆண்டுகளில் வாரத்துக்கு ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கலாம். புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களும் பி.எட். மாணவர்களும் லெசன் பிளான்களைவிட முதலில் திட்டமிடல் குறித்த பயிற்சித் தொகுதியைப் படிப்பது நல்லது. பத்தாம் வகுப்பு எடுப்பவர்கள் ஜூன் முதல் அரையாண்டுத் தேர்வு வரை தேவையானவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம். ஜனவரியில் திருப்புதல் தேர்வு அட்டவணை வந்த பிறகு புதிதாக எதையும் தொடங்க வேண்டாம், ஏற்கெனவே பழகிய ஏல விளையாட்டும் டிக்டோகிளாஸும் மட்டும் போதும்.